ஸ்டேட்ஸ்பாம்ப் இலவச ஷாட் டேட்டா: ஒரு வருஷம் நோண்டினதுக்கு அப்புறம் என் ரிவ்யூ

மேட்ச் முடிஞ்சதும் ஒரு கட்டம் போட்டு ஷாட் இத்தனை, ஆன் டார்கெட் இத்தனை, எக்ஸ்ஜி (எக்ஸ்பெக்டட் கோல்ஸ், அடிச்ச ஷாட்டுக்கு எத்தனை கோல் வந்திருக்கணும்ங்கிற கணக்கு) இத்தனைன்னு காட்டுவாங்கல்ல, அந்தக் கட்டத்தை வச்சே ரொம்ப நாள் ஃபுட்பால் பேசிட்டு இருந்தேன். அந்த நம்பர் எங்கேர்ந்து வருது, எந்த ஷாட்டுக்கு எவ்வளவு போட்டாங்க, ஏன் அவ்வளவு போட்டாங்கன்னு கேட்டா பதில் சொல்ல எனக்குத் தெரியாது. அப்படித் தேடும்போது கையில கிடைச்சதுதான் ஸ்டேட்ஸ்பாம்ப் கம்பெனி இலவசமா கொடுக்கிற டேட்டா. ஒரு வருஷத்துக்கு மேல ராத்திரி ராத்திரியா இதோடதான் உக்காந்திருக்கேன். முதல்லயே முடிவை சொல்லிடறேன், ஷாட்டை ஒண்ணொண்ணா எடுத்து வச்சுப் பாக்கணும்னு ஆசை இருக்கிறவங்களுக்கு இலவசமா கிடைக்கிறதுல இதை அடிச்சுக்க ஆள் இல்ல. டோட்டல் நம்பர் மட்டும் போதும்னா இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா. ஸ்டேட்ஸ்பாம்ப் டெட் நட்சன் ஆரம்பிச்ச கம்பெனி, 2024ல ஹட்ல்ங்கிற ஸ்போர்ட்ஸ் வீடியோ கம்பெனி அதை வாங்கிடுச்சு. கிளப்புகளுக்கு டேட்டா விக்கிறதுதான் அவங்க தொழில். அதுல கொஞ்சம் மேட்ச்களை மட்டும் எடுத்து 2018லேர்ந்து கிட்ஹப்ங்கிற புரோகிராம் கோடு பகிர்ற வெப்சைட்ல எல்லாருக்கும் திறந்து விட்டிருக்காங்க. கொஞ்சம்னு சொன்னாலும் லிஸ்ட்டைப் பாத்தா வாய் பிளக்கும்: 2018, 2022 ஆண்கள் உலகக்கோப்பை, 2019, 2023 பெண்கள் உலகக்கோப்பை, ரெண்டு யூரோ, பார்சிலோனாவுக்காக மெஸ்ஸி ஆடுன லா லிகா மேட்ச்கள், தோக்காம ஜெயிச்ச ஆர்சனலோட 2003-04 சீசன், அதே மாதிரி தோக்காம பட்டம் அடிச்ச லெவர்குசனோட 2023-24 பண்டஸ்லிகா (ஜெர்மன் லீக்). ஒவ்வொரு மேட்ச்சும் ஒரு ஜேசான் ஃபைல் (புரோகிராம் படிக்கிற மாதிரி அடுக்கின டெக்ஸ்ட் ஃபைல்), உள்ள பாஸ், டேக்கிள், ஷாட்னு எல்லாம் நேரத்தோட வரிசையா இருக்கும்.

எக்ஸ்ஜின்னா என்னன்னு இப்போ பெரும்பாலும் எல்லாருக்கும் தெரியும். ஆப்டாங்கிற ஸ்போர்ட்ஸ் டேட்டா கம்பெனியில இருந்த சாம் கிரீன் 2012ல எழுதினதுக்கு அப்புறம்தான் இந்தப் பேரு பரவ ஆரம்பிச்சுது, 2017ல பிபிசி மேட்ச் ஆஃப் த டே புரோகிராம்லயே போட ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு ஷாட் கோலாகுறதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு 0லேர்ந்து 1க்குள்ள ஒரு நம்பர், அவ்வளவுதான். பெனால்டின்னா முக்காலுக்குக் கொஞ்சம் மேல, 30 கெஜத்துலேர்ந்து நம்பிக்கையில விடுற ஷாட்னா 0.02, 0.03ன்னு வரும்.

இப்போ விஷயத்துக்கு வரேன். இந்த டேட்டாவோட உயிரே ஃப்ரீஸ் ஃப்ரேம்தான். ஷாட் அடிச்ச அந்த நொடியில கோல்கீப்பர் எங்க நின்னாரு, சுத்தி இருந்த டிஃபெண்டர்ங்க எங்க, கூட்டாளிங்க எங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் மைதானத்துல ஒரு புள்ளி. சாதாரண எக்ஸ்ஜி மாடல்ல, அதாவது அந்த நம்பரைப் போடுற கணக்கு முறையில, தூரம், கோணம், கால்ல அடிச்சாரா தலையில அடிச்சாரா, எப்படிப் பந்து வந்துச்சு, இதுதான் இருக்கும். அதுல எதிர்ல யாரு நின்னாங்கங்கிற விஷயமே கிடையாது.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம்னு எனக்குப் புரிஞ்சது ஒரே மேட்ச்சுல. 2018 ஜூன் 27, கசான், ஜெர்மனி தென் கொரியா. ஜெர்மனி 26 ஷாட், கொரியா அதுல பாதி கூட இல்ல, ரிசல்ட் 0-2, உலக சாம்பியன் குரூப் ஸ்டேஜ்லயே வீட்டுக்கு. மேட்ச் பாத்தப்போ ஜெர்மனிக்கு நேரம் சரியில்ல, அவ்வளவுதான்னு நினைச்சேன். ஃபைலை இறக்கி ஷாட்களை வரிசையா பாத்தா கதை வேற. பாதிக்கு மேல தூரத்துலேர்ந்து, முன்னாடி கால் கால்னு மறைச்சுட்டு நிக்கிற கூட்டத்துக்குள்ள அடிச்சது. ஃப்ரீஸ் ஃப்ரேம்ல பந்துக்கும் கோலுக்கும் நடுவுல ஒரு முக்கோணம் வரைஞ்சு பாருங்க, அந்த முக்கோணத்துக்குள்ள கொரியா ஆளுங்களோட புள்ளி எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க, அந்த ஷாட் ஏன் உள்ள போகலங்கிறதுக்கு வேற விளக்கமே தேவைப்படாது. அதுக்கு நடுவுல ஒரு உண்மையான வாய்ப்பு இருக்கு, ஆட்டம் முடியப் போற நேரத்துல ஓசில் தூக்கிக் கொடுத்த பந்து ஹம்மல்ஸ் தலைக்கு வருது, கோலுக்குப் பக்கத்துல, ஆள் ஃப்ரீயா இருக்காரு, பந்து தோள்ல பட்டு மேல போயிடுச்சு. அந்த ஒரு ஷாட்டோட நம்பரை, தூரத்துலேர்ந்து அடிச்ச அந்த ஷாட்களோட நம்பரைக் கூட்டி அதுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தப்போதான் 26ங்கிற எண்ணிக்கையில ஒண்ணுமே இல்லன்னு எனக்கு உறைச்சுது.

அதே மேட்ச்சுல கடைசி கோல், சன் ஹியுங் மின் அடிச்சது. ஜெர்மனி கீப்பர் நோயர் கோலை விட்டுட்டு கொரியா பாதிக்கே போயிட்டாரு, பந்து பறிபோச்சு, நீளமா ஒரு பாஸ், சன் ஓடிப் போய் காலியான கோலுக்குள்ள தள்ளி விட்டாரு. தூரமும் கோணமும் மட்டும் பாக்கிற மாடலுக்கு அங்க கீப்பர் இல்லங்கிறதே தெரியாது, அது வழக்கமான ஒரு ஷாட் மாதிரி மார்க் போட்டுடும். இதுல கீப்பர் இல்லங்கிறது டேட்டாவுக்குள்ளயே இருக்கு. சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா ஒரு ஸ்ட்ரைக்கரோட சீசன் முழுக்க இதே மாதிரி நாலஞ்சு ஷாட் இருந்தா அவரு ஃபினிஷிங்ல கில்லாடியா இல்ல சும்மா காலி கோல் கிடைச்ச ஆளாங்கிற முடிவே மாறிடும்.

ஷாட் அடிக்கும்போது பந்து எவ்வளவு உயரத்துல இருந்துச்சுங்கிறதையும் அவங்க மாடல்ல பின்னாடி சேத்தாங்க. முழங்கால் உயரத்துல வர்ற பந்தை வாலி அடிக்கிறதும் தரையில உருண்டு வர்றதைத் தட்டி விடுறதும் ஒண்ணு கிடையாதுல்ல, விளையாடினவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

இதுக்கு முன்னாடி நான் ஒரு ஸ்கோர் ஆப் வச்சிருந்தேன், பேரு வேண்டாம். அதுல ஒரு டீமுக்கு எக்ஸ்ஜி 1.4ன்னு காட்டிச்சு, ஆனா நான் பாத்த வரைக்கும் அவங்களுக்கு வாய்ப்புன்னு வந்ததே ஒரு பெனால்டியும் கீப்பர் தட்டினதும் வந்த ரீபவுண்டும்தான். 1.4 கோல் எப்படி வரும், அந்த ஒரு மூவ்ல அதிகபட்சம் ஒரு கோல்தானே அடிக்க முடியும்னு மண்டை காஞ்சு போச்சு. ஆப்புக்குள்ள எங்க தேடினாலும் ஷாட் வாரியா பிரிச்சுக் காட்டுற இடமே இல்ல. இப்போ கணக்கு தெரியும். பெனால்டி 0.76, ரீபவுண்ட் 0.6ன்னு வச்சுக்கோங்க, சும்மா கூட்டினா 1.36. ஆனா ரெண்டாவது ஷாட் நடக்கணும்னா முதல் ஷாட் மிஸ் ஆகியிருக்கணும், அதனால ரெண்டும் மிஸ் ஆகுற வாய்ப்பைப் பெருக்கணும், 0.24 தடவை 0.4, 0.096 வரும், அதை 1லேர்ந்து கழிச்சா 0.904. ஒரே மூவுக்கு 1.36 எங்க 0.90 எங்க. ஸ்டேட்ஸ்பாம்ப் ஃபைல்ல ஒவ்வொரு நிகழ்வுக்கும் எந்த பொசஷன்ல (பந்து ஒரு டீம்கிட்ட தொடர்ந்து இருக்கிற ஒரு கட்டத்துல) நடந்துச்சுன்னு ஒரு நம்பர் இருக்கு, அதை வச்சு ஒரே பொசஷன்ல வந்த ஷாட்களை இப்படி சேத்துக்கலாம், நாலு வரி புரோகிராம் கோடுதான்.

டோட்டலை நம்பாதீங்கன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு, இதை நானே கணக்குப் போட்டுப் பாத்தப்போ ஆச்சரியமா இருந்துச்சு. ஒரு டீம் 0.5 மதிப்புல ரெண்டே ரெண்டு ஷாட் அடிக்குது. எதிர் டீம் 0.05 மதிப்புல 20 ஷாட் அடிக்குது. ரெண்டு பேருக்கும் டோட்டல் எக்ஸ்ஜி சரியா 1.0. டிவியில 1.0 - 1.0ன்னு போட்டு சமமான ஆட்டம்னு சொல்லிடுவாங்க. ஆனா ரெண்டு ஷாட் டீம் குறைஞ்சது ஒரு கோலாவது அடிக்கிற வாய்ப்பு 75 சதவீதம், 20 ஷாட் டீமுக்கு 64 சதவீதம்தான். முழு மேட்ச்சா ஓட விட்டா ரெண்டு ஷாட் டீம் ஜெயிக்கிறது 36 சதவீதம், டிரா 33, இருபது ஷாட் டீம் ஜெயிக்கிறது 31. பந்தை வச்சுக்கிட்டு விடாம அடிச்சுட்டே இருந்த டீமுக்குத்தான் வாய்ப்பு கம்மி! இருபது ஷாட் டீமுக்கு எப்பயாவது 3, 4 கோல் விழுற நாளும் இருக்கும், அந்த நாள்ல வீணா போற கோல்கள்தான் மத்த நாள்ல பத்தாம போகுது. 2014 ஜூலை 8 உலகக்கோப்பை அரையிறுதி ஞாபகம் இருக்கா, ஜெர்மனி 7, பிரேசில் 1. அந்த மேட்ச்சுல ஷாட் எண்ணிக்கையில முன்னாடி இருந்தது பிரேசில்தான்.

எண்ணுறதுல மாட்டிக்கிறது இன்னைக்கு நேத்து கதை இல்ல. சார்லஸ் ரீப்னு ஒருத்தர் 1950 மார்ச் 18ல ஸ்விண்டன் டவுன் மேட்ச் ஒண்ணுல பென்சிலும் நோட்டுமா உக்காந்து ஒவ்வொரு மூவையும் குறிக்க ஆரம்பிச்சாரு, அதுக்கப்புறம் ஆயிரக்கணக்கான மேட்ச். பெரும்பாலான கோல் மூணு பாஸுக்குள்ளயே வருதுன்னு கண்டுபிடிச்சு, அப்போ சீக்கிரமா முன்னாடி தூக்கி அடிங்கன்னு சொன்னாரு. ஆனா மூவ்களே பெரும்பாலும் மூணு பாஸுக்குள்ள முடிஞ்சுடுது, அப்போ கோலும் அதுலேர்ந்து தானே அதிகம் வரும். எதை எதால வகுக்கிறோம்னு பாக்காததால வந்த வினை. அந்த மனுஷனோட பொறுமைக்கு நான் தலை வணங்குறேன், கையால அவ்வளவு எழுதுறது சாதாரணமில்ல.

சரி, யூஸ் பண்ணும்போது எங்க கால் இடறும்னு சொல்றேன், நான் இடறின இடமெல்லாம்தான்.

முதல் நாள் 2022 உலகக்கோப்பை ஃபைனலை எடுத்தேன், அர்ஜென்டினா ஃபிரான்ஸ், 3-3, எல்லாரும் பாத்த மேட்ச். ஷாட்களை மேப்ல போட்டா எல்லா ஷாட்டும் ஒரே கோல் பக்கம் குவிஞ்சு கிடக்கு, இடது பக்கம் காலி. ஃபைல் கெட்டுப் போச்சோன்னு ஒரு மணி நேரம் தலையைப் பிச்சுக்கிட்டேன். விஷயம் என்னன்னா இதுல எந்த டீமா இருந்தாலும் இடதுலேர்ந்து வலதுக்கு ஆடுற மாதிரிதான் குறிச்சிருப்பாங்க. மைதானம் 120க்கு 80, அடிக்கிற கோல் எப்பவும் 120ல, போஸ்ட் ரெண்டும் 36லயும் 44லயும், பெனால்டி ஸ்பாட் 108, 40. ரெண்டு டீமையும் ஒரே படத்துல வேணும்னா ஒரு டீமோட எண்களை 120லேர்ந்தும் 80லேர்ந்தும் கழிச்சுத் திருப்பிப் போடணும்.

அதைத் திருத்தினதும் அடுத்தது. ஃபிரான்ஸுக்கு எக்ஸ்ஜி தாறுமாறா ஏறி நிக்குது. முதல் பாதியில ஒரு ஷாட் கூட அடிக்காத டீமுக்கு இவ்வளவு எப்படின்னு ஒவ்வொண்ணா இறங்கிப் பாத்தா, ஷூட் அவுட்ல அடிச்ச பெனால்டியும் ஷாட் லிஸ்ட்லயே இருக்கு. ஆளுக்கு நாலு, ஒவ்வொண்ணும் 0.78 அளவு, ஒரு டீமுக்கு 3க்கு மேல சும்மாவே ஏறிடும். ஷூட் அவுட்டுக்கு பீரியட் 5ன்னு போட்டிருக்காங்க, அதை முதல் வேலையா வடிகட்டிடணும். இதை யாராவது முன்னாடியே எனக்கு சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும், அதனாலதான் இவ்வளவு விரிவா எழுதுறேன்.

வடிகட்டின அப்புறமும் ஃபிரான்ஸ் கணக்குல எம்பாப்பேயோட ரெண்டு பெனால்டி இருக்கும், 80வது நிமிஷம் ஒண்ணு, 118ல ஒண்ணு. அதைத் தனியா எடுத்து வச்சுட்டுத்தான் மத்ததைப் பாக்கணும், பெனால்டி ஒரு டீம் எப்படி ஆடுச்சுன்னு பெருசா சொல்லாது. அப்படி எடுத்துட்டா மிச்சம் இருக்கிறதுல கண்ணு போய் நிக்கிறது 123வது நிமிஷத்துல. ஃபிரான்ஸோட கோலோ முவானி தனியா, எதிர்ல அர்ஜென்டினா கீப்பர் எமி மார்டினஸ். மேட்ச்ல பாத்தப்போ அடிச்சிருக்கணும் அடிச்சிருக்கணும்னு கத்தினேன். ஃப்ரீஸ் ஃப்ரேமைத் திறந்து கீப்பர் புள்ளியைப் பாத்தா, லைன்ல நிக்காம முன்னாடி வந்து கோணத்தைக் குறுக்கி வச்சிருக்காரு. இடது காலை நீட்டினதைத்தான் எல்லாரும் பேசுறோம், அதுக்கு ஒரு நொடி முன்னாடி எடுத்து வச்ச அடிகள் இந்தப் புள்ளியில தெரியுது.

இதுல இல்லாத விஷயமும் சொல்லணும். ஓன் கோல் ஷாட் கிடையாது, ஷாட் மேப்ல வராது. 2018 உலகக்கோப்பை ஃபைனல்ல ஃபிரான்ஸுக்கு முதல் பாதியில கிடைச்ச ரெண்டு கோல்ல ஒண்ணு குரோஷியாவோட மாண்ட்சுகிச் போட்ட ஓன் கோல், இன்னொண்ணு கிரீஸ்மன் பெனால்டி. அதே மாண்ட்சுகிச் ரெண்டாவது பாதியில ஃபிரான்ஸ் கீப்பர் லோரிஸ் காலுக்கிட்ட போய் அடிச்ச கோல் மேப்ல இருக்கும், முன்னாடி போட்டது இருக்காது. மேப்பை மட்டும் பாக்கிறவருக்கு 4-2ங்கிற ஸ்கோரே இடிக்கும். அந்த உலகக்கோப்பையில மட்டும் 12 ஓன் கோல், அதனால இது ஒதுக்கித் தள்ற விஷயமில்ல.

ஓன் கோலை விட எனக்குப் பெரிய குறையா தெரியுறது ஷாட்டாகவே மாறாத வாய்ப்பு. கோல் முன்னாடி குறுக்க ஒரு பந்து போகுது, ஸ்ட்ரைக்கர் சறுக்கிட்டுப் போறாரு, கால் விரலுக்கு ஒரு இஞ்ச் தள்ளிப் போயிடுச்சு. ஸ்டேடியமே எந்திரிச்சு நிக்கும், ஷாட் டேட்டாவுல அது சுழி. இது எந்த ஷாட் டேட்டாவுக்கும் இருக்கிற குறைதான், ஸ்டேட்ஸ்பாம்ப்ல பாஸ் விவரமும் இருக்கிறதால அந்த கிராஸையாவது தேடிப் பிடிக்க முடியும், பாக்ஸுக்குள்ள எங்க முடிஞ்சுதுன்னு பாக்க முடியும். ஷாட் மட்டும் கொடுக்கிற இடத்துல அதுவும் முடியாது. அதே மாதிரி 2-0 முன்னாடி இருக்கிற டீம் பின்னாடி இறங்கி நிக்கும், எதிராளி ஷாட்டா அடிச்சுத் தள்ளுவான். ஸ்கோர் என்னவா இருந்தப்போ அடிச்ச ஷாட்னு பிரிச்சுப் பாக்காம யாரு நல்லா ஆடினாங்கன்னு சொல்லவே கூடாது, அந்த ஸ்கோர் கட்டத்தை நாமளே புரோகிராம் கோடு எழுதி சேக்கணும், ரெடியா இருக்காது.

அப்போ கூட்டுத் தொகைக்கு மதிப்பே இல்லையான்னு கேட்டா, இருக்கு, மேட்ச் எண்ணிக்கை கூடக் கூட. 2014-15 பண்டஸ்லிகாவுல டோர்ட்மண்ட் 17 மேட்ச் முடிஞ்சப்போ 15 பாயிண்ட்டோட 17வது இடம், கோச் கிளாப் கதை முடிஞ்சுதுன்னு ஊரே சொல்லிச்சு. ஷாட் டேட்டா பாத்தவங்க மட்டும் இந்த டீம் இவ்வளவு மோசமா ஆடல, வாய்ப்பு வருது, கொடுக்கிறதும் கம்மின்னு சொன்னாங்க. ரெண்டாவது பாதியில ஏறி 7வது இடத்துல முடிச்சாங்க. அடுத்த அக்டோபர்ல கிளாப் லிவர்பூல் போனாரு, அங்க டேட்டா டிபார்ட்மென்ட் நடத்துன இயன் கிரகாம் இந்தக் கணக்கை அவருகிட்டயே காட்டினாரு. 2019 சாம்பியன்ஸ் லீக், 2020 பிரீமியர் லீக் எல்லாம் அதுக்கப்புறம்தான்.

ஆளுக்கு ஆள் பாக்கும்போது மட்டும் அவசரப்படாதீங்க. ஒரு ஸ்ட்ரைக்கர் ஒரு சீசன்ல எக்ஸ்ஜியை விட அஞ்சு கோல் அதிகம் அடிச்சா அடுத்த சீசனும் அடிப்பாருன்னு கிடையாது, பெரும்பாலும் இறங்கிடும். அதுலேர்ந்து தப்பிச்ச ஆளுன்னா மெஸ்ஸி. லா லிகா ஃபைல்களை சீசன் வாரியா அடுக்கி கோல்லேர்ந்து எக்ஸ்ஜியைக் கழிச்சு ஒரு கோடு வரைஞ்சேன், வருஷக்கணக்கா மேலயே நிக்குது. அந்தப் படத்தை ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன்.

நேத்து நடந்த மேட்ச் வேணும்னா இங்க கிடைக்காது, அதுக்கு நான் போறது அண்டர்ஸ்டாட் வெப்சைட். ஐரோப்பாவோட அஞ்சு பெரிய லீக்கும் ரஷ்யன் லீக்கும் 2014-15லேர்ந்து இருக்கு, மேட்ச்சைத் தொட்டா ஷாட் மேப் வரும், வட்டம் பெருசுன்னா வாய்ப்பு பெருசு, கோடு எழுதத் தெரியாதவங்களுக்கு ரொம்ப சுலபம். ஃப்ரீஸ் ஃப்ரேம் மட்டும் கிடையாது. ஒரே ஷாட்டுக்கு ரெண்டு இடத்துலயும் வேற வேற நம்பர் வரும், ஷாட் எண்ணிக்கையே ஒண்ணு ரெண்டு மாறும், குழம்பாதீங்க, ஒரு ஒப்பீடு முழுக்க ஒரே இடத்து நம்பரை வச்சுக்கோங்க.

ஸ்டேட்ஸ்பாம்ப் பக்கம் வர்றவங்களுக்கு பைத்தான்ங்கிற புரோகிராம் மொழி கொஞ்சம் தெரியணும், அதுதான் நிஜமான தடை. தெரிஞ்சா அவங்களே கொடுத்த லைப்ரரி இருக்கு, மைதானம் வரைய எம்பிஎல்சாக்கர் இருக்கு, ஒரு வாரத்துல முதல் ஷாட் மேப் போட்டுடலாம். படத்தை எங்கயாவது வெளியிட்டா ஸ்டேட்ஸ்பாம்ப் பேரும் லோகோவும் கண்டிப்பா போடுங்க, அது அவங்க கண்டிஷன், இவ்வளவு கொடுக்கிறவங்களுக்கு அதுகூட செய்யலன்னா எப்படி. என் மார்க் 5க்கு 4.5, அரை மார்க் குறைச்சது இந்த சீசன் மேட்ச் இல்லாததுக்கு.

ஆரம்பிக்கிறவங்க நேரா ஃபைனலுக்குப் போகாதீங்க, அந்த ஜெர்மனி கொரியா மேட்ச்லேர்ந்து ஆரம்பிங்க. ஹம்மல்ஸ் ஹெடரைத் தேடி எடுத்து ஃப்ரீஸ் ஃப்ரேமை வரைஞ்சுட்டு, மேட்ச் வீடியோவை அந்த நொடியில நிறுத்தி பக்கத்துல வச்சுப் பாருங்க. புள்ளி ஒவ்வொண்ணும் யாருன்னு கண்டுபிடிக்கவே ஒரு சாயங்காலம் ஓடிடும். எங்கயாவது சிக்கினா கீழ கேளுங்க, நான் எழுதின கோடு இருக்கு, பகிர்ந்துக்கிறேன்.